பந்து ஏன் பறிபோகிறது? இளம் கூடைப்பந்து பாயிண்ட் கார்டுக்கான டிரிபிள் பிழை நீக்கும் வழிமுறை

கூடைப்பந்தில் பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு பந்தைப் பறிகொடுத்த அடுத்த நொடியே பெஞ்சிலிருந்து குரல் வரும்: "பந்தை ஒழுங்காத் தட்டு!" மறுநாள் காலை அந்தப் பிள்ளை கூம்புகளை வரிசையாக வைத்து அரை மணி நேரம் டிரிபிள், அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர்வது, பழகும். அடுத்த மேட்சில் அதே இடத்தில், அதே மாதிரி மறுபடியும் பந்து போகும். பிழை பெரும்பாலும் கையில் இருப்பதில்லை என்பதே காரணம். கால் தவறான இடத்தில் ஊன்றியிருக்கும், கண் தரையில் இருந்திருக்கும், இல்லையென்றால் போகவே கூடாத மூலைக்குப் பந்து போயிருக்கும். கை கடைசியில் மாட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அதனால் பயிற்சியை மாற்றும் முன் பிழை எங்கே என்று கண்டுபிடியுங்கள். கீழே உள்ளவை 13 முதல் 17 வயதுக்குட்பட்ட கார்டுகளுக்கு அடிக்கடி வரும் கோளாறுகள். உங்களுடையதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திருத்தப் போனால் ஒன்றும் திருந்தாது.

தொடங்கும் முன்: கணக்கு எடுங்கள்

இரண்டு மூன்று மேட்சுகளைப் போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். நடுக்கோட்டுக்கு நேராக, கொஞ்சம் உயரமான படிக்கட்டிலிருந்து எடுத்தால் முழுக் கோர்ட்டும் தெரியும். ஒவ்வொரு டர்ன்ஓவருக்கும் (பந்து எதிரணியிடம் போவது) நான்கு விஷயங்களை எழுதுங்கள்: எந்தக் கையில் பந்து இருந்தது, கோர்ட்டில் எந்த இடம், உங்கள் கண் எங்கே இருந்தது, எத்தனையாவது குவார்ட்டர். பந்து போன நொடியைப் பார்த்துப் பயனில்லை. அதற்கு இரண்டு நொடி முன்னால் ஓட்டிப் பாருங்கள். காரணம் அங்கேதான் கிடக்கும். பத்துப் பன்னிரண்டு டர்ன்ஓவர் எழுதி முடித்தால், அதில் பாதியாவது ஒரே வகையாக இருப்பது தெரிந்துவிடும்.

பந்தையும் தரையையும் முதலிலேயே சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். ஆண்கள் ஆடுவது 7-ஆம் எண் பந்து. சுற்றளவு 75 முதல் 77 செ.மீ., எடை 600 கிராம் அளவில். பெண்களுக்கு 6-ஆம் எண். சுற்றளவு சுமார் 72 செ.மீ. அண்ணனின் 7-ஆம் எண் பந்தில் தினமும் பழகிவிட்டு மேட்சில் 6-ஆம் எண்ணைத் தொடும் பெண் கார்டுக்குப் பந்து எதிர்பார்த்ததைவிட உயரமாக எழும்பும். அது அவர் கைக்கோளாறு இல்லை. காற்று எவ்வளவு என்று பந்தின் மேலேயே அச்சிட்டிருக்கும், பொதுவாக 7 முதல் 9 பி.எஸ்.ஐ. அளவுமானி இல்லையென்றால் பந்தை 1.8 மீட்டர் உயரத்திலிருந்து கைவிடுங்கள். தரையில் பட்டு எழும்போது பந்தின் மேற்புறம் 1.2 முதல் 1.4 மீட்டர் வரை வர வேண்டும். வெளிக் கோர்ட்டில் ஆடித் தேய்ந்து வழுவழுப்பான ரப்பர் பந்தை டிரிபிள் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். சிமென்ட் கோர்ட்டில் மணல் தூசி இருந்தால் கூட்டிவிட்டு ஆடுங்கள், ஷூவின் அடியை ஈரத்துணியால் துடையுங்கள். திசை மாற்றும்போது கால் வழுக்கினால் எந்த கிராஸ்ஓவரும் (பந்தை உடலுக்கு முன்னால் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவது) நிற்காது.

கோளாறு: தட்டும்போது தலை நிமிர்வதில்லை

சோதனை: நண்பர் ஒருவரை ரிங்கின் கீழே நிறுத்துங்கள். நீங்கள் நடுக்கோட்டிலிருந்து தட்டிக்கொண்டே வாருங்கள். அவர் விரல்களை மாற்றி மாற்றிக் காட்டட்டும். நீங்கள் எண்ணை உரக்கச் சொல்லுங்கள். நேராக வரும்போது சரியாகச் சொல்கிறீர்கள், கை மாற்றும் நொடியில் மட்டும் தவறுகிறீர்கள் என்றால், கை மாற்றும்போது கண் கீழே போகிறது என்று பொருள்.

"தலையை நிமிர்த்து" என்று கத்துவதால் தலை நிமிராது. கண் கீழே போவதற்குக் காரணம், பந்து எப்போது திரும்பி வரும் என்று கைக்குத் தெரியாததுதான். மெதுவாகத் தட்டினால் பந்து கையை விட்டு வெளியே அதிக நேரம் இருக்கும். அந்த நேரத்தில் அது எங்கேயும் போகலாம், அதனால் கண் காவலுக்குப் போகிறது. ஓங்கித் தட்டினால் பந்து உடனே கைக்குத் திரும்பும். ஆகவே முதல் மருந்து வலு: தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் சேர்ந்து தரையை அடிப்பது போலத் தட்ட வேண்டும். உள்ளங்கை பந்தில் படக் கூடாது, விரல்களின் சதைப்பகுதி மட்டுமே படட்டும். தட்டிய பிறகு கையைப் பாருங்கள்: உள்ளங்கையின் நடுவில் தூசி ஒட்டியிருந்தால் நீங்கள் பந்தை அறைகிறீர்கள், தள்ளவில்லை.

கணுக்கால், முழங்கால், இடுப்பு என மூன்று உயரங்களில் ஒவ்வொரு கைக்கும் 30 நொடி. இது பழகியதும் ஒரு கையில் தட்டிக்கொண்டே மறு கையால் டென்னிஸ் பந்தைத் தூக்கிப் பிடியுங்கள். கண்ணுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டால் பந்தைப் பார்க்க அதற்கு நேரம் இருக்காது. டென்னிஸ் பந்து விழுந்தாலும் பரவாயில்லை, டிரிபிள் நிற்கக் கூடாது.

கோளாறு: இடது பக்கம் தள்ளிவிட்டால் ஆட்டமே முடிந்துவிடுகிறது

(இடக்கை ஆட்டக்காரர்கள் இதைத் திருப்பிப் படித்துக்கொள்ளவும்.) நல்ல டிஃபெண்டர் முதல் குவார்ட்டரிலேயே இதைக் கண்டுபிடித்துவிடுவார். பிறகு உங்கள் வலது தோளுக்கு எதிரே நின்று, மீதி ஆட்டம் முழுக்க உங்களை இடது பக்கமே அனுப்புவார்.

சோதனை: 28 மீட்டர் கோர்ட்டை எண்ட் லைனிலிருந்து எண்ட் லைன் வரை வலது கையால் மட்டும் தட்டி ஓடுங்கள், நேரத்தைக் குறியுங்கள். பிறகு இடது கை. வித்தியாசம் அரை நொடிக்குள் என்றால் கவலையில்லை. ஒரு நொடிக்கு மேல் என்றால் இந்தப் பகுதி உங்களுக்குத்தான். டிரிபிள் எண்ணிக்கையையும் எண்ணுங்கள். வேகமாக ஓடும் கார்டு பாதி கோர்ட்டை 3 அல்லது 4 டிரிபிளில் கடக்க வேண்டும். வலது கையில் 4, இடது கையில் 7 வந்தால், இடது கை பந்தை முன்னே தள்ளவில்லை, இருந்த இடத்திலேயே தட்டிக்கொண்டிருக்கிறது.

அதுதான் பெரும்பாலானவர்களின் பிழை. வேகமாகப் போக வேண்டுமானால் கை பந்தின் பின்புறத்தில் சாய்வாகப் பட வேண்டும், முழங்கை நீண்டு பந்தை முன்னால் தள்ள வேண்டும். பழகாத கை பந்தின் உச்சியிலேயே படும். உடல் ஓடிவிடும், பந்து பின்தங்கும், அடுத்த அடியில் சொந்தக் காலிலேயே பட்டு வெளியே போகும். "இடது கையில் பலம் இல்லை" என்று இதைத் தவறாக எடுத்துக்கொண்டு டம்பெல் தூக்கப் போகிறார்கள். பலம் போதும், கை படும் இடம்தான் தவறு.

இரண்டாவது பிழை வலது கை சும்மா தொங்குவது. இடது கையில் பந்து இருக்கும்போது வலது முன்கை நெஞ்சு உயரத்தில், முழங்கை மடங்கி, டிஃபெண்டருக்கும் பந்துக்கும் நடுவே இருக்க வேண்டும். அந்தக் கையால் தள்ளினால் ஃபவுல். வேலியாக நிறுத்தினால் போதும். வலது தோளும் முன்னால் வர வேண்டும். தோள் பின்னால் இருந்தால் பந்து டிஃபெண்டரின் கண்முன்னே திறந்து கிடக்கும்.

பயிற்சியில் வலதுக்கு ஒரு பங்கு என்றால் இடதுக்கு இரண்டு பங்கு கொடுங்கள். நின்ற இடத்தில் தொடங்கி, நடந்து, பிறகு ஓடி. கடைசியில் இடது கை லே-அப் (ரிங்கின் அருகே ஓடிப்போய்ப் பந்தைப் போடுவது) வரை கொண்டுபோய் முடியுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இடது பக்கம் அழகாக ஊடுருவிப் போய், கடைசியில் பந்தை வலது கைக்கு மாற்றினால், காத்திருக்கும் டிஃபெண்டரின் முகத்துக்கு முன்னால் நீங்களே பந்தைக் கொண்டுபோய் நீட்டுகிறீர்கள்.

இரண்டு பந்துகளை ஒரே நேரத்தில் தட்டும் பயிற்சி இங்கே மிகவும் உதவும். ஸ்டீபன் கரி ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் இரண்டு பந்து தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இதில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து தரையில் பட்டால் ஒரே சத்தம் கேட்கும். "டப்-டப்" என்று பிரிந்து கேட்டால் பழகாத கை பின்தங்குகிறது. வலது கையின் வேகத்தைக் குறைத்துச் சத்தத்தை ஒன்றாக்காதீர்கள், இடது கையை வேகப்படுத்துங்கள். 30 நொடி சேர்த்து, 30 நொடி மாற்றி மாற்றி, நான்கு சுற்று.

கோளாறு: கிராஸ்ஓவர் போட்டால் பறித்துவிடுகிறார்கள்

"என் கிராஸ்ஓவர் மெதுவாக இருக்கிறது" என்றுதான் எல்லோரும் முடிவு கட்டுகிறார்கள். வேகத்தைவிட இடமும் நேரமும்தான் இங்கே முக்கியம். வீடியோவில் பந்து எந்தக் கட்டத்தில் பறிபோகிறது என்று பாருங்கள். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

பந்து உங்கள் கையை விட்டுக் கிளம்பும் முன்பே எதிராளியின் கை வந்துவிட்டால், நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டீர்கள். ஒவ்வொரு முறையும் மூன்றாவது டிரிபிளில் மாற்றுவது, மாற்றும் முன் பந்தைப் பார்ப்பது, வேகத்தை மாற்றாமலே வந்து போடுவது ஆகியவைதான் காட்டிக்கொடுப்பவை. கிராஸ்ஓவருக்கு முந்தைய டிரிபிளைத் திருத்துங்கள். அது உடலுக்கு வெளியே அகலமாக, ஓங்கி விழ வேண்டும். தலையும் தோளும் அந்தப் பக்கமே போக வேண்டும். காலும் அந்தப் பக்கம் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும். டிஃபெண்டரின் எடை அந்தக் காலுக்கு மாறிய பிறகுதான் பந்து மாறலாம். 1997 மார்ச்சில், தன் முதல் சீசனில் இருந்த ஆலன் ஐவர்சன் மைக்கேல் ஜோர்டனுக்கு எதிராகச் செய்ததை நிதானமாக ஓட்டிப் பாருங்கள். முதலில் சின்னதாக ஒரு முறை மாற்றி, ஜோர்டன் அதற்கு நகர்கிறாரா என்று பார்க்கிறார். நகர்ந்தார் என்று தெரிந்த பிறகே பெரியதைப் போடுகிறார்.

நடுவழியில், அதாவது பந்து ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும்போது பறிபோனால், உயரமோ தூரமோ தவறு. பந்து முழங்காலுக்கு மேலே எழும்பக் கூடாது. அதற்கு முதுகை வளைத்தால் கண் தரைக்குப் போய்விடும். முழங்காலையும் இடுப்பையும் மடக்கி உட்கார வேண்டும், கால்கள் தோளைவிட அகலமாக இருக்க வேண்டும். தூரம் பற்றிச் சொன்னால்: டிஃபெண்டர் கையை முழுக்க நீட்டினாலும் பந்தைத் தொட முடியாத அளவு, ஆனால் உங்கள் அடுத்த ஓர் அடி அவர் காலைத் தாண்டும் அளவு. அதற்குள் போய் மாற்றினால் கைவிரலில் மாட்டும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று மாற்றினால் பந்து பறிபோகாது, ஆனால் அவர் நிதானமாக நகர்ந்து மறுபடியும் எதிரே நிற்பார். அது வெறும் அலங்காரம்.

மறு கையை அடைந்த பிறகு பறிபோனால், வாங்கும் கை தூங்கியிருக்கிறது. பந்து வரும் முன்பே அந்தக் கை முழங்கால் பக்கத்தில் விரல் விரித்துக் காத்திருக்க வேண்டும். இடுப்பு உயரத்தில் காத்திருந்தால் பந்து அங்கே ஏறி வரும் வரை டிஃபெண்டருக்கு நேரம் கிடைக்கும். வாங்கிய உடனே அடுத்த டிரிபிள் முன்னோக்கி, நீளமாகப் போக வேண்டும். உங்கள் தோள் அவர் இடுப்பை உரசிப் போக வேண்டும். பக்கவாட்டில் வளைந்து போனால் ஜெயித்த ஓர் அடியைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

எந்தப் பக்கம் தாக்குவது? டிஃபெண்டரின் கால்களைப் பாருங்கள். எந்தக் கால் முன்னால் இருக்கிறதோ, அந்தப் பக்கம். அந்தப் பக்கம் உங்களைத் தடுக்க அவர் இடுப்பையே திருப்பிப் பின்வாங்க வேண்டும். பின்னால் இருக்கும் காலின் பக்கம் போனால் ஒரு சறுக்கலில் தடுத்துவிடுவார். இந்த ஒன்றைக் கண் பழகிக்கொண்டாலே சாதாரண கிராஸ்ஓவர் கூர்மையாகிவிடும்.

அவர் கை ஏற்கெனவே உங்கள் முன்னால் தாழ்ந்து கிடந்தால் முன்பக்க கிராஸ்ஓவரே வேண்டாம். கால்களுக்கு நடுவே மாற்றுங்கள், முன்னால் உள்ள கால் வேலியாக நிற்கும். வேகமாக ஓடும்போது அவர் பந்துப் பக்கமே வெட்டி வந்தால் முதுகுக்குப் பின்னால். இந்த மூன்றில் எது என்பதை அவர் கைதான் தீர்மானிக்க வேண்டும். நீங்கள் நேற்று பழகியது தீர்மானிக்கக் கூடாது.

கோளாறு: அடிக்கடி விசில்

டிராவல் (பந்தைத் தட்டாமல் கையில் வைத்துக்கொண்டு காலை நகர்த்தும் பிழை) பெரும்பாலும் புறப்படும்போதே நடக்கிறது. நின்ற இடத்தில் பந்தை வாங்கியவர் டிரிபிள் தொடங்கும்போது, பிவட் கால் (ஊன்றி நிற்கும் கால்) தரையை விட்டு எழும் முன் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். அவசரத்தில் கால் முந்திவிடுகிறது. "பந்து முன்னே, கால் பின்னே" என்று மனத்தில் சொல்லிக்கொண்டு, முதல் டிரிபிளைத் தாழ்வாக, எடுத்து வைக்கும் காலுக்கும் முன்னால் போடுங்கள். 2017-இல் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா கொண்டுவந்த பூஜ்ய அடி (பந்து கைக்கு வரும்போது தரையில் இருக்கும் காலை ஓர் அடியாக எண்ணாத விதி) இங்கே காப்பாற்றாது. அது நகர்ந்துகொண்டே பந்தை வாங்குபவருக்கும், டிரிபிளை முடித்துப் பந்தை எடுப்பவருக்கும்தான்.

கேரி (தட்டும்போது பந்தைக் கையில் ஏந்திவிடும் பிழை) விசில் ஹெசிடேஷனில், அதாவது சட்டென்று வேகம் குறைத்து ஏமாற்றும்போது, வருகிறது. வேகத்தைக் குறைத்து நிமிரும்போது கை பந்தின் அடிக்குப் போய், பந்து ஒரு கணம் உள்ளங்கையில் தங்கிவிடுகிறது. கையைப் பந்தின் பக்கவாட்டைத் தாண்டிக் கீழே இறங்க விடாதீர்கள். நிறுத்தி ஏமாற்றும் வேலையைத் தோளும் முழங்காலும் செய்யட்டும். டபுள் டிரிபிளுக்கு (பந்தைப் பிடித்த பிறகு மறுபடியும் தட்டுவது) தனி மருந்து இல்லை. அது பயத்தில் பந்தைப் பிடித்துவிடுவதால் வருவது. அடுத்த பகுதியைப் படியுங்கள்.

கோளாறு: ஃபுல் கோர்ட் பிரஸ் (எதிரணி கோர்ட் முழுக்க நெருக்கித் தடுப்பது) போட்டால் மூலையில் மாட்டிக்கொள்வது

உங்கள் பதிவுத் தாளில் டர்ன்ஓவர்கள் நடுக்கோட்டைத் தாண்டியவுடன், சைட் லைனை ஒட்டி நடந்திருந்தால், உங்கள் டிரிபிளில் பிழையே இல்லாமலிருக்கலாம். அந்த மூலையில் சைட் லைன் ஒரு டிஃபெண்டர், நடுக்கோடு இன்னொரு டிஃபெண்டர்; உண்மையான இரண்டு பேர் வந்து சேர்ந்தால் நான்கு பேர். எதிரணி உங்களை அங்கே வேண்டுமென்றேதான் அனுப்புகிறது.

பின்கோர்ட்டிலிருந்து (கோர்ட்டில் உங்கள் பாதி) வெளியேற 8 நொடி இருக்கிறது. இளம் கார்டுகள் முதல் 3 நொடியிலேயே சைட் லைன் ஓரம் பறந்துவிடுகிறார்கள். முதல் இரண்டு டிரிபிளைக் கோர்ட்டின் நடுப்பாதையை நோக்கிப் போடுங்கள். அங்கிருந்து இருபுறமும் பாஸ் கொடுக்க முடியும். இரண்டாவது ஆள் டிராப் போட (இருவராகச் சேர்ந்து உங்களை மடக்க) ஓடிவருவது தெரிந்ததும், அவர் வந்து சேரும் முன்பே ரிட்ரீட் டிரிபிள்: பக்கவாட்டாகத் திரும்பி, பந்தைப் பின் காலுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு அடி வேகமாகப் பின்வாங்குங்கள். அவர்கள் இருவரும் முன்னால் இழுபடுவார்கள், நடுவில் இடைவெளி திறக்கும். கை மாற்றி எதிர்ப்பக்கம் போங்கள், அல்லது திறந்த ஆளுக்குப் பாஸ் கொடுங்கள். முதுகைக் காட்டிச் சுழலாதீர்கள். சுழலும்போது இரண்டாவது ஆள் எங்கிருந்து வருகிறார் என்று தெரியாது.

விதியில் ஒரு வசதி உண்டு. டிரிபிள் செய்துகொண்டு நடுக்கோட்டைக் கடக்கும்போது இரண்டு கால்களும் பந்தும் முன்கோர்ட்டுக்குள் வந்த பிறகே நீங்கள் கடந்ததாகக் கணக்கு. ஒரு கால் இன்னும் பின்னால் இருந்தால் தாராளமாகப் பின்வாங்கலாம், ஆனால் 8 நொடி ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றும் கடந்துவிட்டால் திரும்ப வழியில்லை. ஆகவே கடந்தவுடன் நிற்காமல் இன்னும் மூன்று மீட்டராவது உள்ளே போய்விடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: கொடுக்க ஆள் தெரியும் வரை டிரிபிளை நிறுத்தாதீர்கள். பந்தைப் பிடித்த கணத்தில் டிராப் போட்டவர்களின் வேலை பாதி முடிந்தது. டிஃபெண்டர் ஒரு மீட்டருக்குள் நெருக்கி நிற்க, 5 நொடிக்குள் பந்தை விடாவிட்டால் அதற்கும் விசில். பயிற்சி எளிது: 5 மீட்டர் அகலப் பாதையைக் கோடு போட்டுக்கொண்டு, நீங்கள் ஒருவர், எதிரே இருவர். முழுக் கோர்ட்டைக் கடக்க வேண்டும், ஒரு பயிற்சிக்கு ஆறு முறை. முதல் வாரம் பெரும்பாலும் தோற்பீர்கள், அதுதான் வேண்டியது.

கோளாறு: பயிற்சியில் நன்றாக, மேட்சில் மோசமாக

கூம்பு பந்தைத் தட்டிப் பறிக்காது. தனியே தட்டும் பயிற்சி கைக்குப் பழக்கம் தரும், முடிவெடுக்கச் சொல்லித்தராது. தனிப் பயிற்சிக்கு 15 நிமிடம் போதும். அடுத்த 15 நிமிடம் உயிருள்ள டிஃபெண்டருடன் ஒருவருக்கு ஒருவர் ஆட்டம். அதிலும் மூன்று டிரிபிளுக்குள் ஷாட் எடுக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வையுங்கள். ஒரே இடத்தில் பத்து முறை தட்டி அழகு காட்டும் பழக்கமும் இதில் தானாக உதிரும்.

கடைசி குவார்ட்டரில் மட்டும் பந்து போகிறது என்றால் காரணம் களைப்பு. கால் சோர்ந்ததும் இடுப்பு நிமிர்கிறது, பந்து முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறுகிறது, எதிராளியின் கைக்கு எட்டுகிறது. டிரிபிள் பயிற்சியைக் காலையில் புத்துணர்ச்சியோடு மட்டும் செய்பவர்களுக்கு இது நிச்சயம் வரும். வாரத்தில் இரண்டு நாள், ஓட்டப் பயிற்சியெல்லாம் முடிந்து மூச்சு வாங்கும் நேரத்தில் 5 நிமிடம் தாழ்வாகத் தட்டுங்கள். டைம்-அவுட்டில் உள்ளங்கையைத் துண்டால் துடைக்க மறக்க வேண்டாம்.

நான்கு வாரம் கழித்து

மறுபடியும் இரண்டு மூன்று மேட்சுகளைப் பதிவு செய்து, அதே நான்கு விஷயங்களை எழுதுங்கள். மொத்த எண்ணிக்கை குறையாமலே இருக்கலாம், வகையைப் பாருங்கள். பறிபோவது குறைந்து, கொடுத்த பாஸ் வெட்டுப்படுவது கூடியிருந்தால் சோர்ந்துவிடாதீர்கள். முன்பு தரையில் இருந்த கண் இப்போது மேலே வந்து, முன்பு தெரியாத பாஸ்களையெல்லாம் பார்க்கிறது, முயல்கிறது. டிரிபிள் பயிற்சியை 10 நிமிடமாகக் குறைத்து, மிச்ச நேரத்தை ஓடும்போதே ஒரு கையால் பாஸ் கொடுக்கும் பயிற்சிக்கு ஒதுக்குங்கள், முதலில் இடது கையால்.